வீட்டுப் படப்பிரதியும் பிட் கணக்கும்

புளூரே வட்டாக வாங்கிய படத்தைச் சொந்தப் பயனுக்காகச் சுருக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ள விரும்புவோர், கோப்பு எத்தனை ஜி.பி. வரும் என்று முதலில் கேட்பது வழக்கம். முறைப்படி அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியாகும். ஒரு நொடிக் காட்சிக்குச் செலவாகும் தரவின் அளவு பிட்ரேட் எனவும், ஒரு சட்டகத்தில் அடங்கும் புள்ளிகளின் அளவு ரெசல்யூஷன் எனவும் வழங்கப்படுகின்றன. 1920க்கு 1080 என்ற முழு எச்.டி. சட்டகத்தில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்க, 1280க்கு 720 என்ற சட்டகத்தில் 9.2 லட்சமே உள்ளன.

குரும்பலூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் 32 அங்குல டி.வி. இருப்பதாகக் கொண்டால், அவ்வகை டி.வி.க்கள் பலவற்றின் திரையிலேயே 1366க்கு 768 புள்ளிகள்தாம் உள்ளன என்பதாலும், அந்த அளவுத் திரையை ஆறடிக்கு அப்பால் அமர்ந்து பார்க்கும் கண்ணுக்கு 720க்கும் 1080க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் புலப்படாது என்பதாலும், அங்கு 720 போதுமானது. அதே கூடத்தில் 55 அங்குலத் திரை வந்துவிட்டால் பத்தடி தூரம்வரை 1080இன் பயன் தெரியும்.

பிட்ரேட் கணக்கு எளியது: மூன்று மணி நேரப் படம் 10,800 நொடி, நொடிக்கு 4 மெகாபிட் என்றால், எட்டு பிட் ஒரு பைட் ஆதலால், காட்சி மட்டும் 5.4 ஜி.பி. ஆகும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. அதற்காக 1080ஐ விடாமல் பிட்ரேட்டை மட்டும் நசுக்குவோர் பலர்; விளைவாக இருட்டுக் காட்சிகளில் சுவரும் வானமும் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். பிட் குறைவாக இருக்குமிடத்தில் புள்ளிகளையும் குறைப்பதே அறிவுடைமை.

இருவர் நின்று பேசும் காட்சியில் பின்னணி அசையாததால் முந்தைய சட்டகத்திலிருந்து மாறியதை மட்டும் பதிந்தால் போதும். மழையும் பூத்தூவலும் கூட்ட நடனமும் சட்டகத்துக்குச் சட்டகம் முழுதாக மாறுவதால் பிட்டை விழுங்கிவிடும். பழைய ஃபிலிமின் மணற்பொடித் தன்மையும் இத்தகையதே. ஆகவே எல்லாப் படத்துக்கும் ஒரே பிட்ரேட் என்பது பொருந்தாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் தர எண்ணை நிலையாக வைத்தால், தேவையான பிட்டைக் காட்சிக்குக் காட்சி அதுவே வகுத்துக்கொள்கிறது. 2003இல் வந்த எச்.264 முறைக்கு 1080இல் 20 முதல் 24 வரையான எண் தகும். எண் குறையக் குறையத் தரம் கூடும்.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்ற அகலப் படங்களின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளை வெட்டிவிட்டால் உயரம் 816 புள்ளியளவுக்கு இறங்கும். 2013இல் வந்த ஹெச்.இ.வி.சி. முறை ஏறத்தாழ பாதிப் பிட்டில் அதே தரத்தைத் தரும் எனினும், பழைய டி.வி.க்கள் பல அதை யு.எஸ்.பி. வழியே ஓட்டுவதில்லை; படத்தின் மிகக் கடினமான காட்சியிலிருந்து ஒரு நிமிடத்தை மட்டும் சுருக்கி, அந்த வீட்டு டி.வி.யிலேயே ஓட்டிப் பார்த்தபின் முழுப்படத்தையும் சுருக்கத் தொடங்கினால் ஓரிரவுக் கணினி உழைப்பு வீணாகாது.