வலையாய் அமைந்த விழித்திரை

கண்ணின் பின்சுவரில் ஒளியை ஏற்கும் மெல்லிய படலத்தைத் தமிழில் விழித்திரை என்கிறோம். அரபியில் அதன் பெயர் ‘ஷபகிய்யா’. வலை போன்றது என்பது பொருள். பண்டைய கிரேக்க மருத்துவர்கள் அதனை வீச்சுவலைக்கு ஒப்பிட்டனர். பக்தாதில் அவர்களுடைய நூல்களை மொழிபெயர்த்த கிறித்தவ அறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (இறப்பு கி.பி. 873) போன்றோர் வழியாக அவ்வுவமை அரபியில் நிலைபெற்றது, பின்னர் இலத்தீனில் ‘ரெட்டினா’ ஆயிற்று. இன்றைய கேமரா ஆய்வொன்று இச்சொல்லை நினைவூட்டுகிறது.

வில்லை உருவாக்கும் பிம்பம் இயல்பில் தட்டையானதன்று. கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் பெட்ஸ்வால் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் கேமராவில் ஒளியை ஏற்கும் உணரி தட்டையான சில்லு. எனவே நடுப்பகுதி தெளிந்தால் ஓரம் மங்குகிறது. இக்குறையை நீக்கவே வில்லைக்குப் பின் வில்லையாக அடுக்குகின்றனர். கண்ணுக்கு அத்தேவை இல்லை. விழித்திரையே குழிந்திருப்பதால் கார்னியாவும் ஒற்றை வில்லையும் போதுமாகின்றன.

வெப்பத்தைப் படம்பிடிக்கும் அகச்சிவப்புக் கேமராக்களில் இச்சிக்கல் இன்னும் பெரிது. உடலும் பொருள்களும் உமிழும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைகளைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. ஆகவே ஜெர்மானியம் போன்ற பொருள்களால் வில்லை செய்ய வேண்டும். அது விலை மிக்கது. கண்ணாடியைப்போல் இருமடங்குக்கும் மேல் அடர்த்தியுடையது. புகைக்குள் ஆளைத் தேடும் தீயணைப்பு வீரர் கையில் ஏந்தும் கருவியில் ஒரு வில்லை குறைந்தாலும் அது பெரும் இலாபம்.

அப்படியாயின் உணரியை வளைத்துவிடலாமே எனலாம். ஆனால் தட்டையான தாளைக் கிண்ணத்துக்குள் அழுத்தினால் சுருங்கும். படிகத் தகடோ உடையும். 2008இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழுவினர் ஒரு வழி கண்டனர். 16 வரிசை, வரிசைக்கு 16 என 256 நுண்ணிய சிலிக்கன் உணரிகளைத் தட்டையாகவே செய்து, மெல்லிய இணைப்பிழைகளால் கோத்தனர். இழுத்துத் தட்டையாக்கிய அரைக்கோள இரப்பரின்மேல் அதனைப் பதித்து, இழுவையைத் தளர்த்தினர். உணரிகள் உடையவில்லை, இழைகளே வளைந்து அழுத்தத்தைத் தாங்கின. தகடு செய்யாததை வலை செய்தது.

அக்கருவி கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது. ஏறத்தாழ 1.1 மைக்ரோமீட்டருக்கு அப்பால் சிலிக்கன் ஒளியுணரிகள் பயன்படா. அதற்கப்பால் வேண்டப்படும் மெர்க்குரி-காட்மியம்-டெலுரைடு போன்ற படிகங்கள் எளிதில் நொறுங்குபவை. அன்றியும் இழைகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் உணரிகளை நெருக்கமாக அமைப்பது கடினம். வேலை இன்னும் எஞ்சியுள்ளது.

இங்கே நமக்கொரு பாடமுண்டு. ஷபகிய்யா என்ற பெயர் நம் நூல்களில் நெடுங்காலம் இருந்தது. ஆனால் அப்படலத்தின் பணி விளங்கியிருக்கவில்லை. ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் நிறுவிய மேதை இப்னுல் ஹைத்தம்கூடப் பார்வையுணர்வின் இடம் கண்வில்லையே என்று கருதினார். விழித்திரையிலேயே பிம்பம் விழுகிறது என்பதை 1604இல் கெப்ளர் விளக்கினார். இதைச் சொல்வது இப்னுல் ஹைத்தமுக்கு இழுக்கன்று. முன்னோர் கூற்றையும் சோதித்தே ஏற்க வேண்டுமென்றவர் அவர்.

புதிய கண்டுபிடிப்பொன்றைக் கேட்டவுடன் ‘இது நம்மிடம் முன்பே இருந்தது’ என்று மனநிறைவு கொள்வது எளிது. இருந்தது பெயர், அறிவன்று. பார்வை அல்லாஹ்வின் அருட்கொடை என்று நம்புவோர், அது எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்வதும் அக்கொடைக்குச் செலுத்தும் நன்றியே.