காசு நம்மோடு பஸ் ஏற வேண்டுமா?

நாவுலையில் கடை வைத்திருப்பவருக்குப் பயணமும் தொழிலின் ஒரு பகுதிதான். 1999 இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து மரக்கறி வியாபாரிகளுக்கு அது அன்றாட ஓட்டமாகிவிட்டது. துணி, பாத்திர வியாபாரிகள் குருநாகல் வழியாகவோ கண்டி வழியாகவோ கொழும்பு புறக்கோட்டைக்குப் போகிறார்கள்.

போகும்போது கையில் காசு, வரும்போது சாமான். சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கஷ்டம். காசுப் பையை ஒரு நொடியில் எடுத்துவிடலாம். அதில் இருப்பது நமது லாபம் மட்டுமா? மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய கடனும், பெருநாள் வியாபாரத்துக்கான முதலும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒரு பை போனால் ஒரு கடையே ஆட்டங்காணும்.

இந்தக் கவலை புதியதல்ல. அக்கால முஸ்லிம் வணிகர்களிடம் 'ஸுஃப்தஜா' என்றொரு முறை இருந்தது. ஓர் ஊரில் பணத்தைக் கொடுத்துக் கடிதம் வாங்கி, மறு ஊரில் அதைக் காட்டிப் பணத்தைப் பெறுவார்கள். வழியில் பணம் பறிபோகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரழி) அவர்கள் மக்களிடம் திர்ஹம்களைப் பெற்று, ஈராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்கு எழுதிக் கொடுத்ததாக அறிவிப்பு உண்டு. நம் பக்கத்தில் வழங்கிய உண்டியலும் இதே யோசனைதான்: ஆள் போகட்டும், காசு வேறு வழியில் போகட்டும்.

இன்று அந்தக் கடிதத்தின் வேலையை வங்கி செய்கிறது. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு உடனே பணம் போகும் 'செப்ட்ஸ்' முறை இலங்கையில் 2015 முதல் இருக்கிறது. சாமானைப் பார்த்து, விலை பேசி, பில் போட்ட பிறகு, கடையில் நின்றபடியே கைத்தொலைபேசியில் அனுப்பலாம். கணக்கு இலக்கத்தை இரண்டு தடவை பாருங்கள். தவறான கணக்குக்குப் போன காசை மீட்பது சிரமம். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். காசோலை கொடுப்பவர்கள் இரு கோடிட்டு, 'பெறுநர் கணக்குக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுங்கள். கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையுடன் பயணம் செய்யவே கூடாது.

காசு கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் நான் கடைப்பிடிப்பவை இவை. பஸ் காசும் தேநீர்ச் செலவும் சட்டைப் பையில். மற்றதை இரண்டாகப் பிரித்து உடலோடு ஒட்டி வைப்பேன். பையை மேல்தட்டில் போடாமல் மடியில் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில், ஒரே பஸ்ஸில் போக மாட்டேன். கொள்முதல் விபரத்தை பஸ்ஸுக்குள் தொலைபேசியில் பேச மாட்டேன். அறிமுகமில்லாதவர் தரும் பானத்தை மரியாதையாக மறுத்துவிடுவேன். மயக்க மருந்து கலந்து கொடுத்துக் கொள்ளையடித்த சம்பவங்கள் நாட்டில் பல உண்டு.

புறப்படுமுன் அடையாள அட்டைப் பிரதி, வங்கியின் அவசர இலக்கம், தொலைபேசியின் ஐஎம்இஐ இலக்கம் மூன்றையும் வீட்டில் எழுதி வையுங்கள். *#06# என்று அழுத்தினால் அந்த இலக்கம் தெரியும். களவு போனால் முதலில் வங்கிக்குச் சொல்லி அட்டையையும் கணக்கையும் நிறுத்துங்கள். அடுத்து பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், அவசரத்துக்கு 119. யாராவது கத்தியைக் காட்டினால் பையைக் கொடுத்துவிடுங்கள். போன முதலை மறுபடி உழைக்கலாம். அதற்கு ஆள் வீடு வந்து சேர வேண்டும்.