யோகி பி: நம் தமிழுக்கு மேடை தேடித் தந்த குரல்

பாசிர் பெனம்பாங் என்றதும் பலருக்கு ஆற்றோரக் கடல் உணவுக் கடைகள்தாம் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் மாமாவின் லோரி. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரி அது. பள்ளி விடுமுறை நாள்களில் முன் இருக்கையில் ஏறிக்கொள்வேன். அதில் கீறல் விழுந்த ஒரு சிடி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள், எனக்குத் தெரிந்த பழைய இளையராஜா பாடல் ஒன்று அதில் ஒலித்தது. ஆனால் நடுவே யாரோ மூச்சு விடாமல் வேகமாகத் தமிழ் பேசினார்கள்.

“யாரு மாமா இந்தப் பாட்டை இப்படிக் கெடுத்து வச்சிருக்காங்க?” என்று கேட்டேன்.

மாமா சிரித்தார். “கெடுக்கல பாப்பா. பாடுறது நம்ம கே.எல். பையன். நல்லா கேளு.”

கேட்டேன். மீண்டும் மீண்டும் கேட்டேன். இரண்டாம் படிவத்தில் படித்தபோது, நானே எட்டு வரி எழுதிப் பள்ளி விழாவில் ராப் பாடினேன். மாமாவின் லோரியைப் பற்றிய வரிகள் அவை. நீதிபதிகளில் ஒருவர் சொன்னார்: “குரல் நன்றாக இருக்கிறது. ஒரு படப் பாட்டைப் பாடியிருக்கலாமே? இதையெல்லாம் யார் கேட்பார்கள்?”

அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். பல ஆண்டுகள் அதை வெளியே எடுக்கவில்லை. ‘யார் கேட்பார்கள்?’ என்ற கேள்வி மட்டும் உள்ளேயே கிடந்தது. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒரு மலேசியக் கலைஞரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலத்தில் தொடங்கிய பயணம்

யோகி பி என்று நாம் அறிந்தவரின் இயற்பெயர் யோகேஸ்வரன் வீரசிங்கம். இன்று பலரும் அவரைத் தமிழ் ராப் இசையின் முன்னோடி என்று போற்றுகிறார்கள். ஆனால் அவர் முதலில் புகழ் பெற்றது தமிழ்ப் பாடகராக அல்ல. 1990-களில் பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி.லோக்கோ ஆகியோருடன் சேர்ந்து அவர் இயங்கிய குழுவின் பெயர் ‘பொயட்டிக் அம்மோ’. அவர்களின் முதல் ஆல்பம் 1998-இல் வெளிவந்தது. நாட்டின் இசைத்துறை விருதான ஏ.ஐ.எம். விருது மேடையிலும் அக்குழு ஏறியது.

அந்தக் குழுவின் பாடல்களில் ஆங்கிலமே முதன்மை. அதோடு மலாய், தமிழ், கெண்டனீஸ் மொழிகளும் கலந்து வந்தன. நம் நாட்டில் மாமாக் கடை மேசை ஒன்றைச் சுற்றி நான்கு நண்பர்கள் உட்கார்ந்தால் எத்தனை மொழி கேட்குமோ, அத்தனை மொழியும் அந்தப் பாடல்களில் கேட்டன.

ராப் இசையை ‘மேல்நாட்டு நாகரிகம்’ என்று பெரியவர்கள் சிலர் ஒதுக்குவதுண்டு. அது பிறந்த இடத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. 1973 ஆகஸ்ட் 11-ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், அடுக்குமாடி வீடு ஒன்றின் பொது அறையில் ஒரு விருந்து நடந்தது. அங்கு இசைத்தட்டுகளைச் சுழற்றிய கூல் ஹெர்க் ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. ஹிப்ஹாப் பிறந்த நாளாக அந்த நாளைத்தான் குறிப்பிடுகிறார்கள். வாத்தியக் குழு வைக்க வசதியில்லாத ஏழை இளைஞர்கள், இசைத்தட்டையும் குரலையும் மட்டுமே முதலாக வைத்து வளர்த்த கலை இது.

இது நமக்கு அந்நியமான கதையா? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தாத்தா காலத்து லயங்களில் வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய், அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. அங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. சொல்வதற்கு ஒரு வடிவம்தான் தேவைப்பட்டது.

‘வல்லவன்’ வந்த ஆண்டு

தமிழில் ராப் அதற்கு முன்பே எட்டிப் பார்த்ததுதான். 1994-இல் வந்த ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் ‘பேட்டை ராப்’ பாடலைத் தந்திருந்தார். ஆனால் படத்தின் காட்சிக்காக ஒரு பாடல் செய்வது வேறு; திரைப்படத்தின் துணையில்லாமல், முழு ஆல்பமும் தமிழ் ஹிப்ஹாப்பாகவே வருவது வேறு.

2006-இல் யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகியோர் இணைந்து, ‘யோகி பி & நட்சத்ரா’ என்ற பெயரில் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் பெயர் வாங்கிவிட்ட ஒருவர் தமிழுக்குத் திரும்பினால் அவரது சந்தை சுருங்கிவிடும் என்றுதான் யாரும் கணக்குப் போட்டிருப்பார்கள். நடந்தது வேறு. அந்த ஆல்பத்தின் ‘மடை திறந்து’ நம் நாட்டு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டு இளைஞர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பாடலைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு பொருத்தம் உண்டு. மூலப் பாடல் 1980-இல் பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ படத்தில் வந்தது. வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இளம் இசைக்கலைஞனின் கனவுதான் அந்தக் காட்சி. எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலில் ஒலிக்கும் அப்பாடலில், இசையமைத்த இளையராஜாவே திரையில் தோன்றுவார். வாய்ப்புக்காகக் காத்திருக்கும் கலைஞனின் பாடலை, வாய்ப்புக்காகக் காத்திருந்த மலேசிய இளைஞர்கள் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டார்கள்.

எதுகையும் மோனையும் எங்கே போயின?

“ராப்பில் தமிழ் எங்கே இருக்கிறது? வெறும் சத்தம்தானே?” என்று கேட்போருக்கு எஸ்.பி.எம். தமிழ்ப் பாடத்திலிருந்தே பதில் சொல்லலாம்.

ஆங்கில ராப்பின் பலம் வரி முடிவில் வரும் ஒலி ஒற்றுமை. தமிழில் அதை இயைபு என்கிறோம். ‘வருகிறேன், போகிறேன், பாடுகிறேன்’ என்று நம் வினைச்சொற்களின் முடிவுகள் தாமாகவே ஒத்துப்போகும். எனவே தமிழில் இயைபு மிக எளிது. எளிது என்பதாலேயே சீக்கிரம் சலித்தும் விடும். திறமை தெரிவது எதுகையிலும் மோனையிலும்தான். ‘தோட்டம், ஓட்டம், கூட்டம்’ என்ற மூன்று சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் எழுத்து ஒன்றி வரும்போது நாக்கு தானாகத் தாளம் போடும். முதல் எழுத்து நெடிலாக இருப்பதால், அங்கே கொஞ்சம் நின்று அடுத்த அடிக்குத் தாவ முடிகிறது. எந்தச் சீரில் குறிலை அடுக்கி வேகம் கூட்டுவது, எங்கே நெடிலை வைத்து மூச்சு வாங்குவது என்று கணக்குப் பார்ப்பதுதான் ராப் எழுதுபவரின் வேலை. யாப்பிலக்கணம் படிக்கும் மாணவருக்கு இது புதிதல்ல.

தமிழ் ராப் பாடகர்களின் பாடல்களை இந்தக் காதோடு கேட்டால், வேகத்துக்கு அடியில் இருக்கும் ஒழுங்கு பிடிபடும். எதுகை, மோனையைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த எனக்கு அவற்றின் பயன் புரிந்தது வகுப்பறையில் அல்ல, மாமாவின் லோரியில்தான்.

சென்னை அழைத்தது

‘வல்லவன்’ வந்த மறு ஆண்டே தமிழ்த் திரையுலகின் கதவு திறந்தது. 2007 தீபாவளிக்கு வந்த வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’ படத்தில், எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் வந்த பழைய ‘எங்கேயும் எப்போதும்’ பாடல் புது வடிவம் பெற்றது. அதில் ராப் பகுதி யோகி பியினுடையது. 2011-இல் ‘ஆடுகளம்’ படத்திற்காக ஜி.வி.பிரகாஷ் குமார் இசையில் அவர் குரல் ஒலித்தது. 2017-இல் அனிருத் இசையில் அஜித்தின் ‘விவேகம்’. 2018-இல் சந்தோஷ் நாராயணன் இசையில் ரஜினியின் ‘காலா’. பத்தாண்டுக்கும் மேலாக, வெவ்வேறு இசையமைப்பாளர்கள் கோலாலம்பூர்க் குரல் ஒன்றைத் தேடி அழைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்க் கலைஞர்கள் தமிழ்நாட்டுப் பாடல்களைப் பார்த்துப் பாடுவதுதான் வழக்கம். இங்கே அது தலைகீழாக மாறியது. இன்று கொடிகட்டிப் பறக்கும் ‘ஹிப்ஹாப் தமிழா’வின் முதல் ஆல்பம் வெளிவந்தது 2012-இல். ‘வல்லவன்’ அதற்கு ஆறு ஆண்டுகள் மூத்தது.

கொஞ்சம் உறுத்தும் கேள்வி

இத்தோடு கட்டுரையை முடித்தால் நல்ல வெற்றிக் கதையாக இருக்கும். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. யோகி பியை நம்மில் பெரும்பாலோர் கொண்டாடத் தொடங்கியது எப்போது? சென்னை அவரை ஏற்றுக்கொள்வதற்கு முன்பா, பின்பா? அவர் பாடல்களில் நம் காதில் அதிகம் விழுந்தது, பழைய திரைப்பாடல் ஒன்றைத் தழுவிய பாடல்தான். ‘வல்லவன்’ ஆல்பத்தின் மற்றப் பாடல்களின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்?

பழைய பாடலை எடுத்துப் புதியது செய்வது குறையன்று. பழைய இசைத்தட்டிலிருந்து புது இசை செய்வதுதான் ஹிப்ஹாப்பின் பிறவிக் குணம். குறை கேட்பவர்களான நம்மிடம் இருக்கிறது. தெரிந்த மெட்டு இருந்தால்தான் காது கொடுக்கிறோம். பள்ளி விழாவில் எனக்குக் கிடைத்த அறிவுரையும் அதுதானே?

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி நார்வே நாட்டுப் பாப் பாடல்களின் ரசிகை. அந்நாட்டின் ‘ஆ-ஹா’ குழுவைப் பற்றி அவள்தான் எனக்குச் சொன்னாள். அவர்களின் ‘டேக் ஆன் மீ’ 1984-இல் முதலில் வந்தபோது நார்வேக்கு வெளியே எடுபடவில்லை. மறுபடியும் ஒலிப்பதிவு செய்து, புதிய காணொளியுடன் வெளியிட்டார்கள். 1985 அக்டோபரில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது நார்வேயின் மக்கள்தொகை சுமார் 40 லட்சம்தான். சிறிய நாட்டிலிருந்து வந்த அவர்கள் உலகத்தை எட்ட ஆங்கிலத்தில் பாடினார்கள். யோகி பியோ ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்து, அதன் வழியாகக் கடல் கடந்தார். இரண்டும் வெவ்வேறு வழிகள். ஆனால் ஒன்று பொது: ஒரு முறை எடுபடவில்லை என்பதற்காக அந்த நார்வேக்காரர்கள் பாட்டைக் கைவிடவில்லை. அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்க ஆள் இருந்தது.

மலேசியாவில் நாம் சுமார் 20 லட்சம் இந்தியர்கள் இருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது வாய்ப்பை யார் கொடுப்பது?

நம் பேச்சுத் தமிழைப் பற்றி நமக்கே ஒரு கூச்சம் உண்டு. ‘மண்டோர்’, ‘பாசார் மாலாம்’, ‘தப்பாவ்’ என்றெல்லாம் மேடையில் சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயம். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் கதையை, நம் பேச்சு வழக்கிலேயே சொன்ன ‘ஜகாட்’ திரைப்படம் 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்திற்கான விருதைப் பெற்றது. நம் தமிழில் குறை ஏதுமில்லை. அதைக் கேட்கும் நம் காதுகள்தாம் இன்னும் பழக வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

மாணவ நண்பர்களே, யோகி பியைப் போல எல்லாரும் பாடகராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாடுகிறவர்கள் நம்மிடையே ஏற்கெனவே இருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேசையில் தாளம் போடும் மாணவனாக இருக்கலாம். குறிப்பேட்டின் பின்பக்கத்தில் வரிகளை எழுதி, யாரும் பார்க்காமல் மூடி வைக்கும் மாணவியாக இருக்கலாம். தமிழ்மொழிக் கழக விழாவிலும் கலை இரவிலும் சொந்தப் பாடலுக்கென்று ஓர் இடம் ஒதுக்கினால் போதும். வாரத்துக்கு ஒரு மலேசியத் தமிழ்ப் பாடலையாவது தேடிக் கேட்டு, எழுதியவரின் பெயரையும் சேர்த்து நண்பருக்கு அனுப்பினால் போதும்.

சென்ற விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, பழைய பள்ளிப் பையிலிருந்து அந்தத் தாள் கிடைத்தது. எட்டு வரியில் மூன்று வரி மோசம். எதுகை சரியாக உட்காரவில்லை. அவற்றைத் திருத்தி எழுதினேன். மாமா இப்போதும் அதே லோரியைத்தான் ஓட்டுகிறார். சிடி போடும் பெட்டி மட்டும் பழுதாகிவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, செம்பனைக் காட்டு வழியில், தாளத்துக்குக் கதவைத் தட்டிக்கொண்டு பாடிக் காட்டினேன்.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆலை வாசலில் லோரியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இன்னொரு வாட்டி பாடு பாப்பா. இன்ஜின் சத்தத்துல கடைசி வரி சரியா கேக்கல.”

‘யார் கேட்பார்கள்?’ என்ற கேள்விக்கு, எனக்கு ஒருவர் கிடைத்துவிட்டார். உங்கள் நண்பரின் பாட்டுக்கு அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாமே!