ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார்... மலையேறி வருவாரா?

மதுரையில் அம்மாவுடன் இருக்கும் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அப்பா பார்ப்பதற்காக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா அவளைக் கரூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. போகவர 300 கிலோமீட்டர், அதுவும் வாரா வாரம்!

அம்மா உச்ச நீதிமன்றம் போனார். 2024 டிசம்பரில் வந்த தீர்ப்பு அப்பாவின் உரிமையில் கைவைக்கவில்லை. இடத்தை மட்டும் மாற்றியது. அப்பாதான் மதுரைக்கு வர வேண்டும், பூங்காவிலோ கோயிலிலோ பார்க்கலாம், அம்மா பத்தடி தள்ளி இருக்கலாம். பெரியவர்களின் உரிமைச் சண்டையில் குழந்தையின் உடல்நலம் கெடக்கூடாது என்பதுதான் காரணம்.

இந்தத் தீர்ப்பின் அருமை பைக்காரா மாதிரி ஊரில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். பிரிந்த கணவர் கோவையில், மனைவியும் குழந்தையும் பைக்காராவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். மேப்பில் பார்த்தால் மதுரை-கரூரைவிடக் குறைவுதான். ஆனால் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போய்வருபவருக்குத்தான் தெரியும். அப்பா மேலே வருவதும் சுலபமில்லை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். சீசன் ஞாயிறில் படகு இல்லத்தை நெருங்குவதற்குள் பாதி நேரம் போய்விடும். ஆடி மழையில் ரோட்டில் மரம் சாய்ந்தால் அன்றைய சந்திப்பு அவ்வளவுதான்.

‘வேணும்னே காட்டலை’ என்று அவர் சொல்வார், ‘வேணும்னே லேட்டா வந்தார்’ என்று இவர் சொல்வார். நீதிமன்றம் வரை போகிற பல சண்டைகளின் ஆரம்பம் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ‘மாதம் இரண்டு முறை பார்க்கலாம்’ என்று மொட்டையாக ஓர் உத்தரவு வாங்கி வந்தால் சண்டையையும் சேர்த்து வாங்கி வந்ததாக அர்த்தம். எந்த இடம், எத்தனை மணி, யார் கொண்டுவந்து விடுவது, ரோடு அடைத்தால் பதிலுக்கு எந்த நாள்... எல்லாவற்றையும் உத்தரவிலேயே எழுதித் தரும்படி வக்கீல் மூலம் கேளுங்கள்.

உத்தரவு கஷ்டமாக இருக்கிறதா? குழந்தையை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். அதே நீதிமன்றத்தில் மாற்றித் தரச் சொல்லி மனு போடலாம். இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. மதுரை அம்மாவும் உத்தரவை மாற்றத்தான் போராடினார். ‘ஜீவனாம்சம் வரலை, அதனால குழந்தையைக் காட்ட மாட்டேன்’ என்பதும் எடுபடாது. பணத்துக்குத் தனி மனு, சந்திப்புக்குத் தனி உத்தரவு. ‘காட்டலை, அதனால பணம் தர மாட்டேன்’ என்பவருக்கும் இதே பதில்தான்.

மீறினால்? உத்தரவை நிறைவேற்றித் தரக் கேட்டு மனு போடலாம். நீதிமன்ற அவமதிப்பு என்றால் 1971-ம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1890-ம் ஆண்டு காப்பாளர் சட்டத்திலும் குழந்தையை ஒப்படைக்காதவருக்கு அபராதம் உண்டு: முதலில் 100 ரூபாய் வரை, பிறகு நாளுக்குப் பத்து ரூபாய் வரை, மொத்தமே 500 ரூபாய்க்கு மேல் போகாது. வெள்ளைக்காரன் காலத்து ரேட்! ஆனால் அதே பிரிவில், ஒப்படைப்பதாக உறுதி தரும்வரை சிவில் சிறையில் வைக்கவும் இடம் இருக்கிறது. சிரித்துவிட்டு நகர முடியாது.

நேரில் வர முடியாத வாரங்களுக்கு போன் இருக்கிறது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தூரத்தில் இருக்கும் பெற்றோருடன் குழந்தை தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பேச வேண்டும் என்று சொன்னது. வீடியோ கால் நேரத்தையும் உத்தரவில் கேட்டு வாங்கலாம். இரண்டு வயதுக் குழந்தை நாலு ஞாயிறு பார்க்காவிட்டால் ஐந்தாவது ஞாயிறு அப்பாவைக் கண்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். உடனே ‘பாருங்க, அதுக்கே பிடிக்கலை’ என்று மனுவில் எழுதிவிடுகிறார்கள்.

சனிக்கிழமை சாயந்திரம், ‘நாளை 11 மணி, ரோடு சரியா இருக்கு’ என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடுங்கள். பதிலையும் அழிக்காமல் வையுங்கள். நாளை பிரச்னை என்று வந்தால் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.