முகம் பொருந்தாவிட்டால் சத்துமாவு கிடையாதா?

2025 ஜூலை 1 முதல் அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க முகம் காட்ட வேண்டும் என்ற செய்தி வந்ததிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. ஓடிபி வரும் போன் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, அவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார், என்ன செய்வது என்று போளூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். ஆதாரில் இருப்பது கல்யாணத்துக்கு முன் எடுத்த படம், இப்போது எட்டாம் மாதம், முகமெல்லாம் வீங்கியிருக்கிறது, செயலி ஏற்குமா என்று திருவண்ணாமலை நகரத்திலிருந்து ஒரு கேள்வி. ஜவ்வாது மலையிலிருந்து ஓர் அங்கன்வாடி டீச்சர் எழுதியது ஒரே வரிதான்: டவரே இல்லாத ஊரில் யாருடைய முகத்தை எங்கே அனுப்புவது?

விதி இவ்வளவுதான். ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் போஷன் டிராக்கர் செயலியில் ஒருமுறை ஆதார் எண், ஓடிபி, முகப்படம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். அதன்பின் மாவு வாங்கும் ஒவ்வொரு முறையும் முகம் ஒப்பிடப்படும். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தங்கள் முகத்தைக் காட்டுவார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்காகப் பெற்றவர் காட்டுவார். உரிய பயனாளிக்கு மட்டுமே உணவு போய்ச் சேர்வதை இது உறுதிசெய்யும் என்கிறது அமைச்சகம். அந்த வாக்கியத்தில் 'மட்டுமே' என்ற சொல்லுக்காகத்தான் வேலை நடந்திருக்கிறது. உரிய பயனாளி எல்லோருக்கும் போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தச் செயலியிடம் பதில் கிடையாது.

காரணம் கருவி இயங்கும் விதத்தில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்கிறது என்றுதான் கடிதம் எழுதிய பலரும் நினைக்கிறார்கள். அது யாரையும் தெரிந்துகொள்வதில்லை. பழைய படத்தை ஓர் எண்வரிசையாக மாற்றுகிறது, புதிய படத்தை இன்னோர் எண்வரிசையாக மாற்றுகிறது, இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று மதிப்பெண் போடுகிறது. கருவியின் வேலை அத்தோடு முடிந்தது. அந்த மதிப்பெண் எவ்வளவு இருந்தால் 'அவர்தான்', எவ்வளவு குறைந்தால் 'அவரில்லை' என்று எல்லை வகுப்பது மனிதர்கள். பரீட்சையில் 35 எடுத்தால் தேர்ச்சி என்று வைத்ததைப் போல, எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ வைத்த தேர்ச்சி மதிப்பெண் அது.

அந்த எல்லையை உயர்த்தினால் ஆள்மாறாட்டம் குறையும். கூடவே உண்மையான தாயே திருப்பி அனுப்பப்படுவது கூடும். தாழ்த்தினால் தாய்மார் தடையில்லாமல் வாங்குவார்கள். வேறொருவர் நுழையும் வாய்ப்பும் ஏறும். ஒரே கருவியில், ஒரே வெளிச்சத்தில், இரண்டு பிழைகளையும் சேர்ந்தாற்போல் பூஜ்ஜியமாக்கும் எல்லை என்று ஒன்று கிடையாது. ஆகவே '99 சதவீதத் துல்லியம்' என்று யாராவது சொன்னால், எந்தப் பிழையில் என்று கேளுங்கள். ஒரு கோடிப் பேர் வரிசையில் நிற்கும் திட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் தவறாக மறுக்கப்பட்டால், அது ஒரு லட்சம் பேர்.

இரண்டு பிழைகளும் ஒரே எடையுள்ளவையும் அல்ல. தவறான ஆளுக்குக் கொடுத்தால் அரசுக்கு நஷ்டம் சில மாவு பாக்கெட்டுகள். அந்தத் தவறான ஆள் பெரும்பாலும் நாத்தனாராகவோ மாமியாராகவோ இருப்பார். மாவு அதே வீட்டுக்குத்தான் போகும். சரியான தாயை மறுத்தால், வெயிலில் நடந்து வந்த கர்ப்பிணி வெறுங்கையோடு திரும்புகிறார், ஆறு மாதக் குழந்தையின் இணை உணவு நிற்கிறது. முதல் பிழை அரசின் கணக்கில் தெரியும். இரண்டாவது பிழை எந்தக் கணக்கிலும் ஏறாது. 'வாங்கவில்லை' என்று மட்டும் பதிவாகும். அதைப் பார்க்கும் மேலதிகாரி மிச்சம் என்று எடுத்துக்கொள்வார். இந்தத் திட்டத்தில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். எல்லையை எங்கே வைப்பது என்பது பொறியியல் முடிவு மாதிரி தோன்றினாலும், யார் நஷ்டப்படலாம் என்ற முடிவே அதற்குள் இருக்கிறது. அந்த முடிவை எடுத்தபோது தாய்மாரும் டீச்சர்களும் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 189 முக ஒப்பீட்டு மென்பொருள்களைச் சோதித்து 2019 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. படத்தின் தரம் மோசமானால் உரிய ஆளை மறுக்கும் பிழை கூடுகிறது என்பது அதில் தெளிவு. ஒற்றை ஜன்னலுள்ள அங்கன்வாடிக் கட்டடம், டீச்சர் கையில் பழைய போன், ஆதாரில் பல வருடத்துக்கு முந்தைய படம் என்று எல்லாம் சேரும்போது அந்தப் பிழை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. கைரேகையிலும் இதைப் பார்த்தாயிற்று. ஜார்கண்ட் ரேஷன் கடைகளில் ஆதார் கைரேகைச் சோதனையைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் ஆராய்ந்தார்கள். அந்தச் சோதனை மட்டும் தனியே, பொருள் வேறு கைக்குப் போகும் கசிவைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. முன்பே ஆதாரை இணைக்காமல் இருந்த 23 சதவீதத்தினருக்குக் கிடைத்துவந்த பயன் பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

திருவண்ணாமலைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. விதி அமலான பத்தாம் நாள், 2025 ஜூலை 10, பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் போனும் கையுமாக நடக்கும் நாளில் ஊருக்குள் ஓர் அழைப்பு கிடைப்பதே சிரமம். ஓடிபி எப்போது வந்து சேரும்? மாதாமாதம் வரும் பௌர்ணமி டெல்லியில் திரை வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் இங்குள்ள எந்த டீச்சரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

மனிதரை நடுவில் வைத்துக் கருவி செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் கருவி ஒரு தராசுதான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வரைபடத்தில் அம்மா பார்க்கப் புள்ளி வைத்து, எடை கூடாத பிள்ளைக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். அந்தத் தராசு கேட்ட கேள்வி குழந்தை தேறுகிறதா என்பது. இப்போதைய கேமரா வாங்க வந்தவர் யார் என்று கேட்கிறது. ரேஷன் கடையில்கூட, ரேகை தேய்ந்த முதியவர்களுக்காகக் கருவிழிக் கருவி வந்தது, பிரதிநிதியை அனுப்பும் படிவமும் வந்தது. கருவி தோற்றால் அடுத்த வழி என்ன என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சத்துமாவுச் செயலியிலும் அந்த வழி திரையிலேயே இருக்க வேண்டும். முகம் பொருந்தவில்லையா, டவர் இல்லையா, 'உணவு கொடுத்தேன், இவரை எனக்குத் தெரியும்' என்று டீச்சர் பதிய ஒரு பொத்தான்; சரிபார்ப்பைப் பிறகு செய்துகொள்ளலாம். அந்தப் பெண்ணின் பிரசவத் தேதிவரை தெரிந்த டீச்சரை நம்பாமல், ஒரு மதிப்பெண்ணை நம்பச் சொல்வதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இது சலுகையும் அல்ல. சரிபார்ப்பு தோற்றதைக் காரணம் காட்டிப் பயனை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபர் 24 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கர்ப்பிணிக்கும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம்வரை தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரை குழந்தைக்கும் உணவு உரிமை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

குழந்தைக்கு ஆதார் இல்லையே? அதைக் காரணம் காட்டி எந்தக் குழந்தைக்கும் பயனை மறுக்க முடியாது. 2018 செப்டம்பர் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

மையத்தில் சாப்பிடும் பிள்ளைகளுக்கும் முகம் காட்ட வேண்டுமா? இந்த விதி வீட்டுக்கு எடுத்துப்போகும் உணவுக்கு மட்டும்.

தீபத் திருவிழாவில் போலீஸ் வைக்கும் கேமராவும் இதுவும் ஒன்றா? இல்லை, அது கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது, இது ஒருவரை அவருடைய படத்தோடு ஒப்பிடுவது.

படங்கள் பத்திரமா? 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே ஊடுருவினார்கள். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 ஜூலையில் இந்த விதி அமலானபோது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

மறுத்தால் யாரிடம் போவது? மறுத்த தேதியையும் காரணத்தையும் டீச்சரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.