மென்பொருள் களஞ்சியம்

புதுதில்லியின் சாணக்யபுரியில் பல நாடுகளின் தூதரகங்கள் உள்ளன. அவை வழங்கும் ஆவணம் உண்மையானதா என்பதை அதிலுள்ள முத்திரையைக் கொண்டு அறிவர். லினக்ஸ் கணினியில் மென்பொருளை நிறுவும்போதும் இத்தகைய சோதனை நடைபெறுகிறது.

லினக்ஸ் ஓர் இயங்குதளம். அதில் பல வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்றான 'பாஸ்', சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவானது. அது 'டெபியன்' என்னும் வகையை அடிப்படையாகக் கொண்டது, தமிழிலும் இயங்கும்.

இவ்வகைக் கணினிகளுக்குரிய மென்பொருள்கள், பொதிகளாக இணையக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொணர்ந்து நிறுவும் கருவி 'ஆப்ட்' ஆகும். 'ஆப்ட் இன்ஸ்டால்' என்னும் கட்டளையுடன் பொதியின் பெயரைத் தந்தால், அப்பொதியோடு அது இயங்கத் தேவையான துணைப்பொதிகளும் வந்து சேரும். களஞ்சியப் பட்டியலில் இடப்பட்ட மின்னொப்பமே இங்கு முத்திரை. அது பொருந்தாவிடில் ஆப்ட் எச்சரிக்கும்.

'ஆப்ட் அப்டேட்' பட்டியலைப் புதுப்பிக்கும். 'ஆப்ட் அப்கிரேட்' நிறுவியவற்றின் புதிய பதிப்புகளைத் தரும். பழைய பதிப்பின் பாதுகாப்புக் குறைகள் இதனால் நீங்கும். 'ஆப்ட் ரிமூவ்' வேண்டாத பொதியை நீக்கும்.

இப்பணிகளுக்கு நிர்வாகியின் கடவுச்சொல் தேவை. எங்கிருந்தோ பெற்ற மென்பொருளுக்கு அக்கடவுச்சொல்லைத் தருவது, முன்பின் அறியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

சொற்பொருள்: களஞ்சியம் – சேமித்து வைக்குமிடம், பொதி – மூட்டை, ஒப்பம் – கையெழுத்து.