இட்லிப் பானையில் ஓர் இத்தாலி

சாரல் விழும் மாதங்களில் தென்காசிப் பக்கத்து இலத்தூர் அடுப்படிகளில் மிஞ்சிய சோற்றுக்கு வழக்கமாக ஒரே கதிதான்: தாளித்துக் கிளறிப் புளிச்சோறோ முட்டைச் சோறோ ஆக்குவார்கள். அதே சோற்றோடு முட்டையும் பாலும் சீஸும் கலந்து, தட்டில் ஊற்றிச் சுட்டெடுத்து, துண்டு போட்டுப் பரிமாறுவது இத்தாலியர் வழக்கம். பெயர் 'தோர்த்தா தி ரீசோ', அதாவது அரிசிக் கேக். வடமேற்குக் கடலோர லிகூரியாவில் இது உப்புச் சுவையில் வரும். பளிங்குக்குப் பேர்போன கர்ராராவில் இனிப்பு. அரிசி கொஞ்சம், முட்டை ஏராளம். வேகும்போதே சோறு அடியில் படிந்துவிட, மேலே முட்டைப் பாலேடு தனி அடுக்காக உறைந்து நிற்கும்.

ஓவன் இல்லாத வீட்டில் இதைச் செய்ய முடியுமா? முடியும். கடலோர முஸ்லிம் வீடுகளில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டலப்பம் இதன் ஒன்றுவிட்ட தங்கைதான். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் அதற்கு என்றைக்கும் ஓவன் தேவைப்பட்டதில்லை.

முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் சுருண்டு கிடக்கும் புரத இழைகள் சூட்டில் அவிழ்ந்து, ஒன்றோடொன்று கோத்து வலையாகி, தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. வெள்ளைக்கரு சுமார் 62 டிகிரி செல்சியஸில் கெட்டிப்படத் தொடங்கும். மஞ்சள்கரு 65-க்கும் 70-க்கும் நடுவே உறையும். பால் ஊற்றி நீர்க்கச் செய்தால் புரதங்கள் ஒன்றையொன்று எட்டிப்பிடிக்க நேரமாகும். கலவை 80 டிகிரியைத் தாண்டித்தான் கட்டியாகும். இன்னும் சில டிகிரி ஏறினால் வலை இறுகி, பிடித்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். தட்டில் தண்ணீர் விட்டு, பஞ்சு போல் ஓட்டை விழுந்த அடை அப்படி வருவதுதான்.

இதைத் தடுப்பது சோறு. குழைந்த பருக்கையிலிருந்து கசியும் மாவுச்சத்து புரதங்களுக்கு இடையே புகுந்து, அவை அளவுக்கு மீறி இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் கால் பங்குச் சோற்றை மத்தால் லேசாக மசித்துச் சேர்ப்பது நல்லது.

எந்த அரிசி? இத்தாலியர் கையாளும் ஆர்போரியோ, ஜப்பானிகா இனத்துக் குட்டை அரிசி. தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு அம்பை 16 இருக்கிறது. 1937-இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட குண்டு ரகம் அது. ஆறினால் எந்தச் சோறும் விறைக்கும். மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்குவதே காரணம். பாலில் ஒரு கொதி விட்டால் இளகிவிடும். ஆனால் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் முட்டையைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் முட்டைப் பொரியல்தான் மிஞ்சும்.

இரண்டு கப் சோறு, ஒரு கப் பால், நான்கு முட்டை, வதக்கிய வெங்காயம், துருவிய சீஸ், உப்பு, மிளகு. நெய் தடவிய தட்டில் ஊற்றி மூடி, இட்லிப் பானையில் வைக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. 180 டிகிரி ஓவன் காற்றுக்குள் ஒரு கணம் கையை நீட்டி எடுத்துவிடலாம். 100 டிகிரி ஆவியில் நீட்டினால் கொப்பளித்துவிடும். ஆவி தண்ணீராக மாறும்போது தன்னிடமுள்ள மறைவெப்பத்தை அப்படியே இறக்கிவிடுகிறது. ஆகவே தீ சிறுத்தே எரிய வேண்டும். இருபது நிமிடம் கழித்து நடுவில் தென்னை ஈர்க்கைக் குத்திப் பார்க்க, ஒட்டாமல் வந்தால் பதம்.

ஆவியால் முடியாதது ஒன்றுண்டு: பொன்னிறம். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கும் மயார் வினை வேகம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஈரம் இருக்கும்வரை அந்தச் சூடு வராது. ஆறிய அடையைத் துண்டு போட்டு, நெய் விட்ட தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் முறுகவிட்டால் அந்தக் குறையும் தீரும்.

இதற்கு எடுக்கும் சோறு வடித்து ஓரிரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் உலைக் கொதியிலும் சாவதில்லை. வெளியே கிடக்கும் வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகும். அது கக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அழியாது.